உயிர்வேலி

உயிர்வேலி என்பது வீட்டு வளவு, தோட்டம், வயல் முதலியவற்றின் எல்லையில் செடிகளையோ சிறு மரங்களையோ நெருக்கமாக நட்டு அமைக்கப்படும் வேலி ஆகும். இது கால்நடைகளைத் தடுப்பதற்கும், வெளியார் பார்வையிலிருந்து வீட்டை மறைப்பதற்கும் பயன்படுகின்றது. இவ்விரு நோக்கங்களுக்கும் ஒரே செடி பொருந்துவது அரிது.

காப்பும் மறைப்பும்

கால்நடைகளைத் தடுக்க முள்ளும் உறுதியான தண்டும் போதுமானவை. மறைப்புக்கோ ஆண்டு முழுவதும் இலை நிலைத்திருப்பதும், தரைமட்டத்திலிருந்தே கிளைகள் தோன்றுவதும் தேவை. கிளுவை எளிதில் வேரூன்றினாலும் வறண்ட காலத்தில் இலையுதிர்க்கும். யாழ்ப்பாணத்தில் கிளுவை, பூவரசு முதலியவற்றின் தண்டுகளைக் கதியால்களாக நட்டு, அவற்றில் தென்னோலைக் கிடுகுகளைக் கட்டி வேலி அமைப்பது வழக்கம். அங்கே மறைப்பைத் தருவது கிடுகு. அதைத் தாங்குவது உயிருள்ள கதியால்.

ஏற்ற செடிகள்

* ஆடாதோடை: ஆடுகள் பொதுவாக மேய்வதில்லை. தண்டுத் துண்டுகளிலிருந்து வளரும்.
* விராலி: வறட்சியைத் தாங்கும், இலையுதிர்க்காது. விதையிலிருந்து வளர்க்கப்படுகின்றது.
* செம்பருத்தி: அடர்த்தியான இலைகளும் பூக்களும் உடையது. ஆடுகள் விரும்பித் தின்னும். மாவுப்பூச்சித் தாக்குதலும் உண்டு.
* மருதாணி: வெட்ட வெட்டக் கிளைக்கும். கடும் வறட்சியில் இலை குறையும்.

தவிர்க்கவேண்டியவை

அரளியின் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை கொண்டவை. திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் கடும் பாதிப்பு ஏற்படும். ஆகவே குழந்தைகளும் கால்நடைகளும் நடமாடும் இடங்களில் இவை ஏற்றவை அல்ல.

வேலியைத் தாண்டிப் பரவும் செடிகளால் ஏற்படும் தீங்கு இதனினும் பெரிது. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த உண்ணிச்செடி, அழகுக்காகவும் வேலிக்காகவும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பழங்களைத் தின்னும் பறவைகள் விதைகளைப் பரப்பியதால், இன்று முதுமலை உள்ளிட்ட காடுகளில் அது மண்டிக் கிடக்கின்றது. சீமைக்கருவேலின் நெற்றுகளைத் தின்னும் கால்நடைகள் அதன் விதைகளைச் சாணத்தின் வழியே பரப்புகின்றன.

நடுகையும் பராமரிப்பும்

மழைக்காலத் தொடக்கத்தில், 30 முதல் 60 செ.மீ. இடைவெளியில் இரு வரிசைகளாக, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக மறு வரிசையின் செடி அமையுமாறு நடப்படுகின்றது. செடி இளமையாக இருக்கும்போதே நுனியை வெட்டினால் கீழ்ப்பகுதியில் கிளைகள் பெருகும். உயரம் வரட்டும் என வெட்டாமல் விட்டால் அடிப்பகுதி வெறுமையாகிவிடும். மேற்பகுதியை விட அடிப்பகுதி சற்று அகலமாக இருக்குமாறு கத்தரித்தால் கீழ் இலைகளுக்கும் ஒளி கிடைக்கும். ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், தெருவில் நடப்போரின் பார்வையை மறைக்கப் போதுமானது.

ஒரே இனத்தை மட்டும் நடுவதில் இடர் உண்டு. 2004 இல் அறிவியல் முறையில் விவரிக்கப்பட்ட ஒருவகைச் சிறு குளவி, முள்முருங்கையின் இலைகளிலும் தளிர்களிலும் முடிச்சுகளை உண்டாக்குவது. அடுத்த சில ஆண்டுகளில் அது தென்னிந்தியாவிலும் பரவி அம்மரங்களைத் தாக்கியது. பல இனங்களைக் கலந்து நட்ட வேலியில் ஓரினம் அழிந்தாலும் முழு வேலியும் அழிவதில்லை.

இவற்றையும் பார்க்க

* வேலி
* கிடுகு
* சீமைக்கருவேல்