நூறு புள்ளிகளும் ஒரு சைபரும்



பதிவு கொஞ்சம் நீளம். நிதானமாகப் படியுங்கள். இன்று கூடைப்பந்து வரலாற்றிலிருந்து ஒரே ஒரு தாளைப் பற்றி எழுதுகிறேன்.

1962 மார்ச் 2. அமெரிக்காவில் பிலடெல்பியா வாரியர்ஸ் அணிக்கும் நியூயார்க் நிக்ஸ் அணிக்கும் ஆட்டம். நடந்த இடம் பெரிய நகரம் அல்ல. சாக்லேட் தொழிற்சாலையால் வளர்ந்த ஹெர்ஷி என்ற சிற்றூர். பிலடெல்பியாவிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். சென்னை அணி தன் ஆட்டம் ஒன்றை நம் அரக்கோணத்தில் வந்து ஆடினால் எப்படியோ, அப்படி. வந்திருந்த கூட்டம் 4,124 பேர். தொலைக்காட்சி ஒளிபரப்பு கிடையாது. அன்று வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லின் தனி ஒருவராக 100 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் 169-க்கு 147 என்று முடிந்தது.

அந்த ஆட்டத்தின் படச்சுருள் எதுவும் இல்லை. கடைசிக் கால் பகுதியின் வானொலி வர்ணனையை ஒரு கல்லூரி மாணவர் ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருந்ததால் அது மட்டும் பிழைத்தது. மீதியெல்லாம் நமக்குத் தெரிவது ஸ்கோர் ஷீட்டால்தான். அன்று கணக்குப் பார்த்தவர் ஹார்வி போலாக். அணியின் புள்ளிவிவரம், செய்தி நிறுவனங்களுக்குத் தகவல், பிலடெல்பியா நாளிதழுக்குச் செய்தி எல்லாம் அவர் ஒருவரே. ஆட்டம் முடிந்ததும் ஒரு காகிதத்தில் 100 என்று எழுதி சேம்பர்லின் கையில் கொடுத்தவரும் அவரே. அந்தக் காகிதத்தைப் பிடித்தபடி அவர் இருக்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

இனி தாளைப் படிப்போம். நான்கு கால் பகுதிகளில் சேம்பர்லின் எடுத்தவை 23, 18, 28, 31. கூட்டிப் பாருங்கள், சரியாக 100. கூடையை நோக்கி 63 முறை எறிந்து 36 முறை போட்டார். அப்போது மூன்று புள்ளி எறிதல் கிடையாது என்பதால் அது 72 புள்ளி. ஃப்ரீ த்ரோவில் 32 வாய்ப்பில் 28. இதுதான் ஆச்சரியம். அந்தப் பருவம் முழுவதும் சேர்த்தால் அவர் நூற்றுக்கு 61 ஃப்ரீ த்ரோதான் போட்டார். அதில் என்றுமே பலவீனமானவர். அன்று மட்டும் கை வசமாகிவிட்டது. வழக்கம்போல் போட்டிருந்தால் நூறு வந்திருக்காது.

சங்கடமான விஷயத்தையும் அதே தாள் மறைக்கவில்லை. வாரியர்ஸ் அணி மொத்தம் எறிந்தது 115 முறை. அதில் பாதிக்கு மேல் ஒருவரே எறிந்திருக்கிறார். கடைசி நிமிடங்களில் அவரிடம் பந்து போகக் கூடாது என்று நிக்ஸ் ஆட்டக்காரர்கள் மற்றவர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்தார்கள். பந்து சீக்கிரம் திரும்ப வர வேண்டும் என்று வாரியர்ஸும் பதிலுக்கு ஃபவுல் செய்தது. இரண்டு அணிக்கும் சேர்த்து 93 ஃப்ரீ த்ரோ வாய்ப்பு. ஆட்டம் கேலிக்கூத்தாகிவிட்டது என்று எதிரணியினர் வருந்தியதில் நியாயம் உண்டு. சாதனையும் சரி, குறையும் சரி, இரண்டும் ஒரே தாளில்.

எனக்கு அந்தத் தாளில் பிடித்தவை மற்றப் பெயர்களின் வரிகள். ஆல் ஆட்டில்ஸ் என்பவர் 8 முறை எறிந்தார், எட்டும் விழுந்தது. கிடைத்த ஒரு ஃப்ரீ த்ரோவும் விழுந்தது. ஒரு பிழைகூட இல்லாத 17 புள்ளி. பக்கத்தில் ஒருவர் நூறு எடுத்த இரவில் அதை யார் பார்ப்பார்கள்? கை ராட்ஜர்ஸ் எடுத்தது 11 புள்ளிதான், ஆனால் 20 அசிஸ்ட். அதாவது கூடை விழுவதற்குப் பந்தைக் கொடுத்து உதவியது இருபது முறை.

கடைசியாக ஜோ ரூக்லிக். மாற்று ஆட்டக்காரர். 8 நிமிடம் ஆடினார். ஒரு முறை எறிந்தார், விழவில்லை. இரண்டு ஃப்ரீ த்ரோ, இரண்டும் விழவில்லை. புள்ளி: சைபர். ஆனால் அசிஸ்ட் என்ற இடத்தில் 1. ஆட்டம் முடிய 46 விநாடி இருக்கும்போது சேம்பர்லினின் நூறாவது புள்ளிக்குப் பந்தைக் கொடுத்தவர் அவர்தான். எல்லோரும் மைதானத்துக்குள் பாய்ந்தபோது, தான் ஸ்கோரர் மேசைக்கு ஓடி அந்த ஒன்று பதிவாகிறதா என்று பார்த்துக்கொண்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். அந்த ஒரு இலக்கம்தான் அவரை வரலாற்றில் வைத்திருக்கிறது.

தாளில் இடமே இல்லாதவையும் உண்டு. எதிரியின் எறிதலைத் தடுப்பதை அந்த லீகில் 1973-74 பருவத்திலிருந்துதான் எழுதத் தொடங்கினார்கள். தடுப்பதில் மன்னரான சேம்பர்லின் அதற்குள் லீகை விட்டுப் போய்விட்டார். அவருடைய அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை.

நமக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கிய ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வந்த பி.டி. மாஸ்டர்கள் வழியாக இந்த விளையாட்டு நம் பள்ளி மைதானங்கள் பலவற்றுக்கு வந்தது.

மண்டலப் போட்டிகளில் பல ஆண்டுகள் நான் ஸ்கோரர் மேசையில் உட்கார்ந்தவன். நம் ஷீட்டில் புள்ளியும் ஃபவுலும் டைம் அவுட்டும் எழுதுவோம். யார் போட்டான் என்பது இருக்கும். யார் கொடுத்தான் என்பதற்குக் கட்டமே கிடையாது. லோகோ ஷெட் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், தோல் தொழிற்சாலை வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் வெறும் காலோடு ஓடி எத்தனை பந்தைக் கொடுத்தார்கள்! அதற்கெல்லாம் நம்மிடம் ஒரு ‘1’ கூட இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய குழுப் படம் இருந்தால் எடுத்து, பின்பக்கத்தில் வருடத்தையும் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். வரிசையின் ஓரத்தில் நிற்பவனையும், மாற்று ஆட்டக்காரனையும், தண்ணீர்க் குடம் தூக்கியவனையும் விட்டுவிடாதீர்கள். பெயர் ஞாபகம் வராவிட்டால் படத்தைக் கீழே போடுங்கள். என் நினைவு நன்றாக இருக்கும்போதே நான் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், அரக்கோணம்