பிள்ளைக்காகப் பேச ஒருவர் வேண்டும்

விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். கைப்பிள்ளை ஆயாக் கொட்டகையில் தூங்கும். ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பெங் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி மறக்காது. பிள்ளை சாப்பிட்டதா, உடம்பு சுடுகிறதா, முதுகில் தழும்பு எப்படி வந்தது என்று கவனிக்க அங்கே ஓர் ஆயா இருந்தார்.

அதற்காகத் தோட்டத்து வாழ்வைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. கள்ளுக்கடையிலிருந்து வந்த தகப்பனின் கோபம் பிள்ளையின் மேல் பாய்ந்தபோது, "அது அவர்கள் வீட்டு விவகாரம்" என்று லயமே கதவைச் சாத்திக்கொண்டதும் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பிள்ளைக்குப் படிப்பு வேண்டும் என்று சட்டம் அன்றே எண்ணியது. ஆனால் பெற்றவர்களிடமிருந்தே பிள்ளையைக் காப்பாற்ற வேண்டி வரலாம் என்ற எண்ணம் வேரூன்ற வெகுகாலம் ஆயிற்று.

போர் விட்டுச்சென்ற பிள்ளைகள்

ஜப்பானியர் ஆட்சியில் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகள் அநாதைகளானார்கள். போர் முடிந்த மறு வருடமே, 1946இல், மலாயாவில் சமூக நல இலாகா தோன்றியது. சுவாமி சத்தியானந்தா 1949இல் சுத்த சமாஜத்தைத் தொடங்கினார். அவருக்குப் பின் அந்தப் பணியைத் தாங்கி நின்ற அன்னை மங்களம், 2023இல் மறையும்வரை ஆதரவற்ற பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தார்.

பெற்றோரை இழந்த பிள்ளைக்குச் சோறும் கூரையும் அன்பும் கொடுத்தால் அது வளர்ந்துவிடும். பெற்றோர் உயிரோடு இருந்தும் அவர்களாலேயே துன்பப்படும் பிள்ளைக்கு என்ன செய்வது? அந்தப் பிள்ளையை வீட்டிலிருந்து எடுக்கலாமா, எடுத்தால் எங்கே வைப்பது, எப்போது திருப்பி அனுப்புவது? இவற்றுக்கு அன்பு மட்டும் விடை சொல்லாது. சட்டம் வேண்டும்.

சட்டம் வந்த வழி

கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் 1985இல், வதைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான சிறுவர்களைக் கவனிக்க மருத்துவர்களும் சமூக நல ஊழியர்களும் கொண்ட தனிக்குழு அமைந்தது. 1990இல் கொடுமைக்குள்ளான ஒரு சிறு குழந்தை இறந்தது நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டே சிறார் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1993இல் நடைமுறைக்கு வந்தது. 1995இல் மலேசியா, ஐ.நா.வின் சிறார் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. பின்னர் மூன்று பழைய சட்டங்களை ஒன்றாக்கிப் பிறந்த 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், 2002 ஆகஸ்டு முதல் நடப்பில் இருக்கிறது. 2016இல் அது திருத்தப்பட்டபோது, பிள்ளையை வதைப்பவருக்கான உச்சத் தண்டனை 50,000 வெள்ளி அபராதம், 20 ஆண்டு சிறை என உயர்ந்தது.

சட்டப்படி, மீட்கப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் பிள்ளையைப் பெற்றோரிடமே நிபந்தனையோடு ஒப்படைக்கலாம், தகுதியுள்ள உறவினரிடம் விடலாம், இல்லத்திற்கு அனுப்பலாம், வளர்ப்புக் குடும்பத்திடம் கொடுக்கலாம். ஒரு பிள்ளையின் வாழ்க்கை அந்த ஒரு தீர்ப்பில் திரும்புகிறது.

தீர்ப்புக்குத் துணையாக வருவது அதிகாரியின் அறிக்கை. அந்த அதிகாரியின் மேசையில் இருப்பதோ ஒரு கோப்பு அல்ல. அவர் நல்லவராகவே இருந்தாலும், நாளை இடம் மாற்றலாகிப் போகலாம். பிள்ளை எல்லாவற்றையும் புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

சியாட்டல் நீதிபதியின் கவலை

இதே கவலை அமெரிக்காவின் சியாட்டல் நகரில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதிக்கு வந்தது. முழு விவரம் கையில் இல்லாமல் சின்னஞ்சிறு பிள்ளைகளின் விதியைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறதே என்று அவர் வருந்தினார். நீதிமன்றத்தில் பிள்ளைக்காக மட்டும் பேச ஊர் மக்களிலிருந்தே தொண்டர்கள் வந்தால் என்ன என்று 1976இல் அவருக்குத் தோன்றியது. மறு ஆண்டே திட்டம் தொடங்கியது.

தொண்டர் வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்று, நீதிபதி முன் உறுதிமொழி எடுத்துக்கொள்வார். ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு பிள்ளைகளின் வழக்குகள்தாம் அவர் கையில் இருக்கும். வளர்ப்பு வீட்டுக்குப் போவார், ஆசிரியரைக் கேட்பார், கண்டதை நீதிமன்றத்தில் சொல்வார். அதிகாரிகள் மாறினாலும் வழக்கு முடியும்வரை அவர் உடன் நிற்பார். இன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இந்தத் தொண்டு நடக்கிறது.

நமக்குத் திறந்திருக்கும் கதவு

நம் நாட்டுச் சட்டத்தில் இதே போன்ற பதவி இல்லை. ஆனால் கதவு முழுவதும் அடைத்தும் இல்லை. சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுக்கு உதவ ஆலோசகர் இருவர் அமரலாம். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். மாநிலத்தில் வாழும் சாதாரணக் குடிமக்களிலிருந்தே அவர்களை நியமிக்கிறார்கள். வளர்ப்புப் பெற்றோராக முன்வரவும் வழியுண்டு. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்களும் தாதியராக இருந்தவர்களும் நம்மிடையே குறைவா என்ன?

இந்தத் தேவை கோப்பெங் போன்ற ஊர்களில் கூடியிருக்கிறது. 1985இல் ஈய விலை சரிந்து கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் மூடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்குமாகச் சிதறி, மலிவு அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. அங்கே ஆயாக் கொட்டகையும் இல்லை, பக்கத்து வீட்டுப் பாட்டியும் இல்லை. இல்லத்தில் சேரும் தமிழ்ப் பிள்ளைக்குத் தன் வேதனையைச் சொல்ல மலாய் வராமல் போகலாம். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையானால், பள்ளியில் சேர்ப்பதற்கே யாராவது அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும்.

காயத்தைப் பார்த்த மருத்துவரும் குடும்பத்தினரும் பராமரிப்பாளரும் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது சிறார் சட்டம். பாலியல் குற்றமானால், அறிந்த எவரும் சொல்ல வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. 15999 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. ஆனால் புகார் செய்வது தொடக்கம்தான். தொலைபேசியை வைத்த பிறகு அந்தப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது, பள்ளிக்குப் போகிறதா, அடுத்த விசாரணை எப்போது என்று யார் கேட்கப் போகிறார்கள்?

அன்று தோட்டத்தில் ஐம்பது வீட்டுப் பிள்ளைகளை ஓர் ஆயா கவனித்தார். இன்று ஒரு பிள்ளையைக் கவனிக்க ஒருவர் முன்வந்தால் போதும். பெற்ற பிள்ளைக்காக எல்லாரும் பேசுவார்கள். பேச ஆளில்லாத பிள்ளைக்காகவும் ஒருவர் எழுந்து நின்று பேச வேண்டும்.