கெர்னல் வேக அளவீடு

இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கணக்கிடும் துறை. 1996இல் லாரி மெக்வாயும் கார்ல் ஸ்டேலினும் வெளியிட்ட எல்எம்பெஞ்ச் என்ற சோதனைத் தொகுப்பு, கெர்னலை ஒருமுறை அழைத்துத் திரும்பும் நேரம், ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம் எனத் தனித்தனியே மைக்ரோ நொடியில் காட்டியது. தனிச்செயலின் இந்தக் கணக்கு நெரிசலில் கைகொடுக்காது. திருத்தணியில் சாதாரண நாளில் 365 படி ஏற எத்தனை நிமிடம் என்று பார்த்தவர், ஆடிக் கிருத்திகையன்று காவடிகளுக்கு நடுவே சன்னதிக்குப் போய்ச்சேரும் நேரத்தைச் சொல்ல முடியாது. படியை அகலப்படுத்தினாலும் வாசல் ஒன்றுதானே!

லினக்ஸில் அப்படியொரு வாசலாக இருந்தது 'டீகேஷ்' பூட்டு. கோப்பைத் திறக்கும்போது அதன் பாதையிலுள்ள ஒவ்வொரு பெயரையும் கெர்னல் டீகேஷ் என்ற நினைவகப் பட்டியலில் தேடும். 2.4 பதிப்பில் ஒவ்வொரு தேடலும் ஒரே பொதுப் பூட்டை எடுத்தாக வேண்டும், வெறுமனே படிப்பதானாலும் சரி. ஒரு பிராசஸரில் இது செலவே இல்லை. பல பிராசஸர்கள் சேர்ந்தால் எல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். பெங்களூரு ஐபிஎம்மில் பணியாற்றிய தீபங்கர் சர்மா, மனீஷ் சோனி இருவரும் இதற்கு ஆர்சியூ முறையைக் கொண்டுவந்தார்கள். 1990களில் சீக்வென்ட் நிறுவனத்தில் பால் மெக்கென்னி உருவாக்கிய முறை அது: படிப்பவர் பூட்டைத் தொடுவதில்லை, மாற்றுபவர் புதிய பிரதியைப் பொருத்திவிட்டு, பழையதைப் படிப்பவர்கள் வெளியேறிய பிறகே அழிப்பார். 2002இல் 2.5.43 பதிப்பில் ஆர்சியூ சேர்ந்தது, 2.5.62இல் டீகேஷ் தேடல் பொதுப் பூட்டிலிருந்து விடுபட்டது. இந்தப் பலனைக் காட்டியவற்றில் ஒன்று ஆண்ட்ரூ டிரிட்ஜெலின் டிபெஞ்ச். அது நிஜ வேலையல்ல, கோப்பு சர்வரின் சுமையைப் போலி செய்வதுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமே, ஆனாலும் அந்தப் போலிக் கூட்டம்தான் வாசலடைப்பைக் காட்டிக்கொடுத்தது. பிராசஸர்கள் இன்னும் பெருகியதும் ஒவ்வொரு பெயருக்கும் இருந்த சிறு பூட்டும், அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கைக் கணக்குமே அடுத்த அடைப்பாயின. 2011இல் 2.6.38 பதிப்பில் நிக் பிக்கின் பொதுப் பூட்டையே நீக்கி, பெரும்பாலான தேடல்களில் அவற்றையும் தொடாமல் செல்ல வழிசெய்தார்.

அப்படியானால் தனிச்செயல் அளவீடு வீணா? இல்லை. 2018 ஜனவரியில் பிராசஸர்களிலிருந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அதை அடைத்த திருத்தம் கெர்னலுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் நினைவக முகவரிகளுக்கான பக்க அட்டவணையை மாற்றியது. அந்தக் கூடுதல் செலவைக் கலப்பில்லாமல் பிரித்துக் காட்டியது வெறும் அழைப்புச் சோதனைதான். ஆனால் அந்த எண்ணை, ஒரு வேலை நொடிக்கு எத்தனை முறை கெர்னலுக்குள் போகிறது என்பதோடு பெருக்கியாக வேண்டும். மணிக்கணக்காகக் கணக்குப் போடும் புரோகிராமுக்குத் திருத்தத்தால் பாதிப்பு ஏறக்குறைய இல்லை. ஓயாமல் கெர்னலை அழைக்கும் தரவுத்தளத்துக்கு அது கண்கூடாகத் தெரிந்தது.