நேர்மறை எண்ணமும் எதிர்மறை எண்ணமும்

நடந்ததற்குக் காரணம் தேடும்போதும், நடக்கப்போவதை எதிர்பார்க்கும்போதும் மனம் வழக்கமாகச் சாயும் பக்கத்தை வைத்து எண்ணங்களை நேர்மறை, எதிர்மறை என்று பிரிப்பார்கள். முயற்சிக்குப் பலன் உண்டு என்று நம்புவது நேர்மறை. என்ன செய்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே முடிவுகட்டுவது எதிர்மறை. எண்ணம் மட்டும் எதையும் நடத்திவிடாது. அது ஒருவரின் முயற்சியையும் உடல் உணர்வையும் பிறரோடு பழகும் விதத்தையும் மாற்றி, அவற்றின் வழியாகவே அன்றாட வாழ்வைப் பாதிக்கிறது.

வரலாறு

துன்பத்தில் தளராத மனத்தைத் திருக்குறள் ஊக்கமுடைமை, இடுக்கண் அழியாமை என்ற அதிகாரங்களில் பேசுகிறது. நேர்மறைச் சிந்தனையை உலகறிந்த பேச்சாக்கியது, அமெரிக்கப் பாதிரியார் நார்மன் வின்சென்ட் பீல் 1952-ல் வெளியிட்ட நூல். தமிழில் எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ தன்னம்பிக்கை நூல்களுக்குப் பெரிய வாசகர் வட்டத்தைத் தேடித் தந்தது.

அறிவியல் ஆய்வு 1960-களில் வேகம்பிடித்தது. மனச்சோர்வு உள்ளவர்களுக்குத் தம்மைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் எதிர்மறை எண்ணங்கள் தாமாகவே எழுவதை மனநல மருத்துவர் ஆரன் பெக் கவனித்தார். அந்த எண்ணங்களைச் சான்றுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கப் பழக்கும் சிகிச்சையை அவர் உருவாக்கினார். இன்றைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் அடித்தளங்களில் அதுவும் ஒன்று.

காரணம் சொல்லும் பாங்கு

1967-ல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களைக் கொண்டு ஆய்வு நடத்தினர். தம்மால் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பின்னர் தப்ப வழி இருந்தும் முயலாமல் கிடந்தன. இந்நிலையைக் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்றனர். 2016-ல் அவர்களே இவ்விளக்கத்தைத் திருத்தினர். நீடித்த துன்பத்தில் செயலற்றுப்போவது மூளையின் இயல்பு. நிலைமை நம் கையில் இருக்கிறது என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது என்றனர்.

தோல்விக்கு ஒருவர் சொல்லும் காரணத்தில் மூன்று கூறுகள் உண்டு என்றும் செலிக்மன் விளக்கினார்: அது நிலையானதா, எல்லாவற்றுக்கும் பொருந்துவதா, தன்னால் மட்டுமே விளைந்ததா என்பவை அவை. கணக்கில் மதிப்பெண் குறைந்த மாணவி, “எனக்குப் படிப்பே வராது” என்றால் மூன்றுக்கும் ‘ஆம்’ என்கிறாள். அதன்பின் புத்தகத்தைத் திறக்கவே அவளுக்குத் தோன்றாது. “இந்தத் தடவை இயற்கணிதத்தைச் சரியாகப் படிக்கவில்லை” என்பவளுக்கோ அடுத்துச் செய்யவேண்டியது தெரிந்துவிடுகிறது.

உடல்மீது விளைவு

எதிர்பார்ப்பு உடலிலும் தெரியும். மருந்தில்லாத மாத்திரையும் நம்பிக்கையால் வலியைத் தணிப்பது மருந்துப்போலி விளைவு. கெடுதல் வரும் என்ற அச்சமே தொந்தரவைத் தருவது நோசீபோ விளைவு. இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பக்கவிளைவுகளால் நிறுத்திவிட்ட 60 பேர் அதில் பங்கேற்றனர். ஓராண்டில் நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் போலி மாத்திரை, நான்கு மாதம் எதுவும் இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் தந்த தொந்தரவில் 90 விழுக்காடு அளவுக்குப் போலி மாத்திரையிலும் தெரிந்தது. அவர்கள் பட்ட வேதனை பொய்யல்ல. அதில் பெரும்பகுதிக்குக் காரணம் மருந்து அல்ல என்பதே முடிவு. இதை அறிந்தபின் பாதிப்பேர் மீண்டும் ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினர்.

வரம்புகள்

இனிய கனவு வேறு, நம்பிக்கை வேறு. படிப்பு முடித்து வேலை தேடிய மாணவர்களை உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன் ஆராய்ந்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாகவே அடிக்கடி கனவு கண்டவர்களுக்கு வேலைவாய்ப்பும் சம்பளமும் குறைவாகவே அமைந்தன; கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் முன்னேறினர். இலக்கோடு தடையையும் எண்ணிப்பார்த்து, தடை வந்தால் என்ன செய்வது என்று முன்பே தீர்மானிக்கும் முறையை அவர் பரிந்துரைத்தார். கெட்டதை முன்கூட்டியே யோசித்துத் தயாராகும் பழக்கமும் பலருக்குப் பயன்படுகிறது. மேடையேறுமுன் ஒலிபெருக்கியைச் சோதித்து, குறிப்புக்கு இரண்டு படி வைத்துக்கொள்பவர் அவநம்பிக்கைக்காரர் அல்லர்.

நேர்மறை எண்ணம் நோயைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரிடம் நடத்தி 2007-ல் வெளியான ஆய்வில், மனநலனுக்கும் உயிர்வாழும் காலத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே, குணமாகாத நோயாளியிடம் ‘உனக்கு மனதைரியம் போதவில்லை’ என்று குறைசொல்வது தவறு, கொடுமையும்கூட. வறுமை, வேலையின்மை போன்றவற்றையும் மனப்போக்கின் கணக்கில் எழுதக் கூடாது.

உதவி நாடவேண்டிய நிலை

எதிர்மறை எண்ணம் எல்லாருக்கும் வந்துபோவதே. ஆனால் மனத்தளர்வும் எதிலும் ஆர்வமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கத்தையும் பசியையும் வேலையையும் கெடுத்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு அறிவுரை போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.