நஞ்சும் நட்பும்

அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினாவுக்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கு களங்களைச் சுட்டுகிறார். அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தம்மை ஆளும் தலைவன் மற்றொன்று. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோருக்கு இப்பட்டியல் வெறும் நூற்செய்தியாகத் தோன்றாது. லயத்துக்குப் பின்னால் முனி நின்றது. காட்டோரத்தில் புலி நின்றது. 1948க்குப் பின் இருட்டில் துப்பாக்கி ஏந்தியவர் நின்றனர். பங்களாவில் துரை இருந்தார். நான்கும் ஒருங்கே கூடிய நிலம் அது. ஆயினும் தொல்காப்பியர் கூறாத ஐந்தாவது களம் ஒன்று உண்டு என்பதை மெக்சிகோ நாட்டுத் திரைப்படம் ஒன்று நமக்குக் காட்டுகிறது. அக்களம் தோழமை.

'தேவதைகளுக்கு நஞ்சு' எனப் பொருள்படும் 'வெனேனோ பாரா லாஸ் ஆதாஸ்' என்னும் அப்படம் 1986ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இயக்கியவர் கார்லோஸ் என்ரிக்கே தபோவாதா (1929–1997). அந்நாட்டின் உயரிய திரை விருதாகிய அரியேல் விருதை அது பெற்றது. பேய்ப்படம் என்று பெயர் பெற்றிருப்பினும் இதில் பேய் இல்லை; பிசாசு இல்லை. இரண்டு சிறுமியரே உள்ளனர். ஒருத்தி வெரோனிக்கா. தாய் தந்தையை இழந்தவள். நோயுற்ற பாட்டியின் வீட்டில், சூனியக்காரிகளின் கதைகளை ஓயாது சொல்லும் ஒரு தாதியிடம் வளர்கிறாள். மற்றவள் ஃபிளாவியா. செல்வர் வீட்டுப் பிள்ளை, பள்ளிக்குப் புதியவள். வெரோனிக்காவிடம் பொம்மை இல்லை, பொருள் இல்லை, பரிவோடு பார்க்கும் கண்களும் இல்லை. இருப்பது தாதி தந்த கதைகள் மட்டுமே. அவள் அக்கதைகளைத் தன் முதலாக்கிக்கொள்கிறாள். தானே ஒரு சூனியக்காரி என்று புதிய தோழியிடம் சொல்கிறாள்.

ஃபிளாவியா முதலில் நம்பவில்லை. பியானோ கற்பிக்கும் ஆசிரியை அவளுக்கு வேம்பாய்க் கசக்கிறார். அவரை விலக்கிவிட இருவரும் சேர்ந்து ஒரு சடங்கு செய்கின்றனர். சில நாளில் அவ்வாசிரியை இறந்துபோகிறார். முதியவர், இயல்பான சாவு. ஆனால் ஃபிளாவியாவின் மனத்தில் அது தன் கொலை. அன்று முதல் அவள் தோழியின் அடிமை. பொம்மை கைமாறுகிறது. விடுமுறைக்குக் குடும்பத்தார் பண்ணைக்குச் செல்லும்போது வெரோனிக்காவையும் உடன் அழைத்துச் செல்லவேண்டியதாகிறது. அங்கே, சூனியக்காரிகளின் பகைவராகிய தேவதைகளைக் கொல்லும் நஞ்சைக் காய்ச்சுவதற்கு இருவரும் பொருள் தேடி அலைகின்றனர்.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் பியாஜே என்னும் சுவிட்சர்லாந்து அறிஞரின் பெயரை அறிவர். குழந்தை தன் எண்ணத்துக்கும் வெளியுலக நிகழ்ச்சிக்கும் இடையே தொடர்பு கற்பித்துக்கொள்ளும் இயல்பை அவர் 1920களிலேயே ஆராய்ந்து எழுதினார். 'செத்துப் போ' என்று பிள்ளை சினந்து கூறிய மறுநாள் பாட்டி இறந்தால், கொன்றது தன் சொல்லே என்று அது கருதும். பெரியோர் ஒருவர் உடனிருந்து, 'இல்லையம்மா, பாட்டிக்கு நெடுநாளாய் நெஞ்சு நோய்' என்று சொன்னால் அக்கருத்து கரைந்துவிடும். தபோவாதா செய்த சூழ்ச்சி இங்கேதான் இருக்கிறது. அவர் தம் படத்தில் பெரியோர் எவருடைய முகத்தையும் நமக்குக் காட்டுவதில்லை. முதுகு தெரிகிறது, கைகள் தெரிகின்றன, குரல் கேட்கிறது, முகம் இல்லை. முகமில்லாத பெரியோரிடம் குழந்தை எதைச் சொல்லும்?

பிள்ளைகளின் தோழமையை அவர் அச்சத்தின் களமாக்கியது இது முதன்முறையன்று. 1969இல் எடுத்த 'கல் நூல்' என்னும் படத்தில் ஒரு சிறுமி தோட்டத்தில் நிற்கும் கற்சிலைச் சிறுவனைத் தன் தோழன் என்கிறாள். அதில் அச்சிலைக்கு மெய்யாகவே ஆற்றல் உண்டு. பதினேழு ஆண்டு கழித்து அவர் அந்த ஆற்றலையும் நீக்கிவிட்டார். சொல் மட்டும் எஞ்சியது. என் கணிப்பில், பின்னதே வலிமை மிக்கது.

நம் பக்கத்துப் படங்கள் இவ்வழியில் வரவில்லை. மலாயாவில் அச்சப் படங்களுக்குப் பெருவழி திறந்தது 1957இல் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் வெளியிட்ட 'பொந்தியானாக்'. அதனை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. அதன் அச்சம் வளர்ந்த பெண்ணைப் பற்றியது. தமிழில் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) முற்பிறவிக் காதலைச் சொல்லிற்று. குழந்தைகளும் மந்திரமும் கூடிய படமென்றால் 1984இல் மலையாளத்தில் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' நினைவுக்கு வரும். மந்திரவாதியிடம் சிறைப்பட்ட குட்டிச்சாத்தானைப் பிள்ளைகள் தோழனாக ஏற்று விடுவிக்கின்றனர். அங்கே சாத்தான் மெய், நட்பு விடுதலை. மெக்சிகோவிலோ சாத்தான் பொய்; நட்பு விலங்கு. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்பது வியப்பே.

திரையை விட்டுத் தோட்டத்துக்கு வருவோம். தபோவாதா ஒரு மாளிகையிலும் ஒரு பண்ணையிலும் செயற்கையாக அமைத்துக்கொண்ட சூழல், பேராக்கின் தோட்டங்களில் தொழிலின் இயல்பாலேயே அமைந்திருந்தது. பால்மரத்தில் பால் நன்கு ஒழுகுவது விடியற்குளிரில். வெயில் ஏறினால் ஒழுக்கு குறையும். ஆதலால் இருள் பிரியுமுன் பெரட்டு. தாயும் தந்தையும் இருவருமே வெட்டுக்குப் போயாகவேண்டும். ஒருவர் கூலியில் குடும்பம் நடவாது. கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகைக்குச் சென்றன. ஏழு வயதும் எட்டு வயதும் ஆன பிள்ளைகள் பள்ளி தொடங்கும் வரையிலும், பள்ளி விட்ட பின்னரும் தமக்குத் தாமே காவல். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைத்தல்வேண்டும் என்று விதித்தது. விதி இருந்தது, பள்ளி பல இடங்களில் ஒரு கொட்டகையாகவும், ஆசிரியர் சில இடங்களில் வேறு வேலைக்கிடையே பாடம் சொல்லும் கணக்கெழுத்தாளராகவும் இருந்தனர். தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவேண்டும் என்பதற்காகப் பள்ளிக்கு வாராத பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். நடுப்பகலில் ஆளரவமற்ற லயத்து வரிசையை நினைத்துப் பாருங்கள். பெரியோரின் முகங்கள் அங்கே மெய்யாகவே இல்லை.

அநாதைச் சிறுமிக்கும் அங்கே குறைவிருக்கவில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கத் தோட்டத்துத் தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோயினர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் ஓரத்தில் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மடிந்தோர் பலர் வீடு திரும்பவில்லை. போர் முடிந்தபோது பாட்டியிடமும் பெரியம்மாவிடமும் வளர்ந்த பிள்ளைகள் தோட்டந்தோறும் இருந்தனர். தந்தை எங்கே என்று கேட்ட பிள்ளைக்குப் பாட்டி என்ன விடை சொல்லியிருப்பார்? உடல் இல்லை, எரித்த இடம் இல்லை, கருமாதி செய்ய நாள் தெரியாது. அவ்விடத்தில் கதைதான் விடை. காட்டில் அலையும் ஆவி பற்றியும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கலாகாது என்பது பற்றியும் நாம் கேட்டு வளர்ந்த கதைகளுள் சில, இப்படிப் பிறந்த விடைகளாக இருத்தல் கூடும். பிறகு 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக்கொல்லப்பட, அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது, ஊரடங்கு வந்தது. வேலிக்கு அப்பால் செல்லலாகாது என்று பிள்ளைக்குச் சொல்ல ஒரு பேய் போதாதா? அரசியலை விளக்குவதைவிட அஃது எளிது.

இனி, தோழியர் இருவரின் ஏற்றத்தாழ்வு. தோட்டத்தில் கிராணியார் வீட்டுப் பிள்ளையும் பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே வகுப்பறையில் அமர்ந்தனர். ஒன்றின் காலில் சப்பாத்து இருந்தது. மற்றதன் காலில் இல்லை. கிராணியார் வீட்டில் வானொலி, அலமாரி, கண் மூடித் திறக்கும் பொம்மை. லயத்துப் பிள்ளையிடம் காடு இருந்தது. எந்த மரத்தில் எது உறைகிறது, எந்தக் கல்லில் யார் காவு கொடுத்தார், நள்ளிரவில் சங்கிலி இழுபடும் ஓசை யாருடையது என்பவை எல்லாம் அதற்குத் தெரியும். பணக்காரப் பிள்ளைக்கு அவ்வறிவு தேவைப்பட்டது. ஏழைப் பிள்ளைக்கு அவ்வறிவால் மதிப்பு கிடைத்தது. இந்தப் பண்டமாற்றில்தான் பல தோழமைகள் தொடங்கின. பெரும்பாலும் அவை சிரிப்பில் முடிந்தன. எல்லாமே அப்படி முடிந்தன என்று நான் சொல்லமாட்டேன்.

நான் ஆசிரியனாக இருந்த ஆண்டுகளில் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் காசு முழுவதையும் நாள்தோறும் ஒரு தோழனிடம் கொடுத்துவிட்டுச் சிற்றுண்டி நேரத்தில் வெறும் வயிற்றோடு நின்றான். வினவியபோது, தன் பெயரெழுதிய தாளை அத்தோழன் கோயில் சூலத்தடியில் புதைத்து வைத்திருப்பதாகவும், காசு நின்றால் தன் தாயார் நோயில் விழுவார் என்றும் சொன்னான். தாயார் அப்போது மெய்யாகவே காய்ச்சலில் இருந்தார் என்பது அவனுக்குப் போதுமான சான்றாயிற்று. காசு வாங்கியவனை அழைத்துப் பேசினேன். அவனும் அழுதான். அவனுக்கு வீட்டில் காலை உணவு இல்லை. 'சாமி கண்ணைக் குத்தும்' என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லை அவன் கருவியாக்கிக்கொண்டான், அவ்வளவே. இருவரில் யார் வெரோனிக்கா, யார் ஃபிளாவியா என்பது வெளிப்படை; கொடியவன் யார் என்பது அவ்வளவு வெளிப்படையன்று.

படத்திலும் அப்படித்தான். முடிவில் வெரோனிக்கா தானியக் கொட்டிலில் இருக்க, ஃபிளாவியா கதவை அடைத்துத் தீ மூட்டுகிறாள். சூனியக்காரிகளைத் தீயிலிட்டே அழிப்பர் என்ற கதையை அவளுக்குச் சொன்னவள் வெரோனிக்காவே. உள்ளே இருப்பவள் தான் சூனியக்காரி அல்லள் என்று இப்போது மறுத்தாலும் பயனில்லை. அவள் சொன்ன பொய்யை முழுமையாக நம்பிய ஒரே உயிர் வெளியே நிற்கிறது.

இத்தகைய பிள்ளைகளின் வரலாற்றை நாம் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தது வேறு. ஈப்போவுக்குத் தெற்கே பத்து காஜா அருகில் கெல்லீஸ் காசல் நிற்கிறது. ஸ்காட்லாந்துக்காரராகிய வில்லியம் கெல்லி ஸ்மித் தம் குடும்பத்துக்கென 1915 அளவில் பெருக்கிக் கட்டத் தொடங்கிய மாளிகை அது. கட்டடப் பணியில் ஈடுபட்ட தமிழர் பலரை நச்சுக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் வேண்ட, அவர் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பித் தந்தார். அதன் மேற்புறத்தில் தொப்பியணிந்த வெள்ளையர் உருவம் ஒன்றை இன்றும் காணலாம். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார், மாளிகை முற்றுப்பெறவில்லை, குடும்பம் திரும்பவில்லை. இன்று அங்கே செல்லும் சுற்றுலாப் பயணியர் கேட்பதெல்லாம் அம்மாளிகையில் உலவும் சிறுமியின் ஆவியைப் பற்றி. அது துரையின் மகள் என்பர். அம்மகள் அங்கே சாகவில்லை. அங்கே செத்தவர்கள் கூலிகள். துரை வீட்டுப் பிள்ளைக்குச் சாகாமலே ஆவி கிடைத்தது. லயத்துப் பிள்ளைக்குச் செத்தும் கிடைக்கவில்லை. பேய்க்கதையிலும் கங்காணிக் கணக்குத்தான் போலும்!

இந்நாட்டில் இப்பொருளைக் கையாண்ட படம் ஒன்று அண்மையில் வந்தது. 2023இல் அமண்டா நெல் யூ இயக்கிய 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' என்னும் மலாய்ப் படத்தில் பன்னிரண்டு வயதுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி பூப்பெய்துகிறாள். அவளுடைய நெருங்கிய தோழியரே அவளை அருவருத்து ஒதுக்குகின்றனர். அவள் உடல் புலியாக மாறுகிறது. பள்ளியில் பிள்ளைகள் கூட்டமாக அலறி விழுகின்றனர். பெரியோர் மந்திரவாதியை அழைத்து வருகின்றனர். கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் அது முதற்பரிசு பெற்றது. மலேசியத் திரைகளுக்கு வந்தபோது தணிக்கையில் பல பகுதிகள் வெட்டப்பட்டன. வெட்டிய வடிவம் தம்முடையதன்று என்று இயக்குநர் அறிவித்தார். அப்படத்தில் பெரியோருக்கு முகங்கள் உண்டு. ஆயினும் அச்சிறுமியிடம் என்ன நேர்ந்தது என்று அமர்ந்து கேட்பவர் எவரும் அதில் இல்லை.