காணாத நோயைக் கண்ட கதை



புத்தளம் களப்பின் கரையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் உப்பளங்கள். மறுபக்கம் கற்பிட்டிக் குடாநாடு. அதற்கு வடக்கே தீவுகள். அவற்றில் மீனவர்களின் வாடிகள். பத்தலங்குண்டுத் தீவிலிருந்து ஒரு கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் முதலில் வள்ளம் ஏற வேண்டும். கரை சேர்ந்த பின்னரே வாகனம். காற்றுக் காலத்தில் வள்ளம் புறப்படுமா என்பதைக் கடல்தான் தீர்மானிக்கும். இந்தக் கரையை மனத்தில் இருத்திக்கொண்டு, கர்ப்பிணிகளின் உயிரைப் பறித்து வந்த ஒரு நோயை மனிதர் முன்கூட்டியே கண்டறியப் பழகிய வரலாற்றை இன்று நோக்குவோம்.

அந்த நோயின் முடிவைத்தான் முன்னோர் அறிந்திருந்தனர். நிறைமாதப் பெண்ணொருத்தி தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். கண் முன்னே ஏதோ மின்னுகிறது என்பாள். சற்றைக்கெல்லாம் கைகால் இழுத்துக்கொள்ளும். சன்னி என்றார்கள், கண்ணூறு என்றார்கள், பேய்க்குற்றம் என்றார்கள். நூல் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மேனாட்டு மருத்துவர் இந்த வலிப்புக்கு இட்ட 'எக்லாம்ப்சியா' என்ற பெயரும் மின்னி வெளிப்படுதல் என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்தே பிறந்தது. மின்னலைத்தான் எல்லோரும் கண்டார்கள். அதற்கு முன் முகில் திரண்டதை எவரும் காணவில்லை.

முதன்முதலாக அந்த முகிலைக் காட்டியது ஒரு விளக்குச் சுவாலை. 1843ஆம் ஆண்டு லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ஜோன் லீவர் என்ற வைத்தியர், வலிப்புக் கண்ட தாய்மாரின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தார். முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது திரள்வதுபோல் அதில் வெண்மையாக ஒன்று திரண்டது. அதுவே புரதம். அதே ஆண்டில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சனும் இதனைக் குறிப்பிட்டார். 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி, கையைச் சுற்றிக் கட்டும் பட்டியும் இரசக் குழாயும் கொண்ட குருதியமுக்கமானியை அமைத்தார். 1905இல் ரஷ்யரான கொரொட்கோவ், நாடியின் ஓசையைக் காதால் கேட்டு அமுக்கத்தை அளக்கும் முறையைச் சொன்னார். நம்மவர் 'பிரஷர்' என்று சொல்லும் அந்த அளவும் சிறுநீர்ப் புரதமும் சேர்ந்து, வலிப்புக்கு முந்திய நிலை ஒன்று உண்டு என்பதைப் புலப்படுத்தின. அதுவே 'பிரீ-எக்லாம்ப்சியா', அதாவது முன்சூல்வலிப்பு.

ஆனால் கருவி கிடைத்தால் மட்டும் போதுமா? வலிப்பு வந்தவளுக்குப் பிரஷர் பார்ப்பதால் காலம் கடந்த அறிவே கிடைக்கும். உடலில் ஒரு நோவும் இல்லாமல் வீட்டுவேலை செய்துகொண்டிருக்கும் பெண்ணைச் சோதிக்க வேண்டும். நோயாளி அல்லாதவளை வைத்தியர் ஏன் பார்க்க வேண்டும் என்பதே அக்காலத்தின் கேள்வி. 1901இல் எடின்பரோ வைத்தியர் ஜோன் பாலன்டைன், பிரசவத்துக்கு முன்பே கர்ப்பிணிகளைக் கவனிக்க ஆஸ்பத்திரியில் இடம் வேண்டும் என்று எழுதினார். இன்று நாமறிந்த கர்ப்பிணிகள் கிளினிக் அத்தகைய எண்ணத்திலிருந்தே வளர்ந்தது. இந்த நோயின் வரலாற்றில் இரசக் குழாயினும் பெரிய கண்டுபிடிப்பு இதுவே எனலாம்.

இடையில் ஒரு தவறான பாதையும் உண்டு. உப்பு விளையும் மண்ணில் வாழும் நாம் அதனை அறிந்திருத்தல் நன்று. குருதியில் ஏதோ நஞ்சு கலக்கிறது என்று எண்ணிய வைத்தியர்கள் இந்நோயை 'டொக்சீமியா' என்று நெடுங்காலம் அழைத்தார்கள். கால் வீங்குவதைக் கண்டு, உப்பைக் குறை என்றும் சொன்னார்கள். 1958இல் மார்கரெட் ராபின்சன் என்பவர் லண்டனில் சுமார் 2,000 கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினரை உப்பைக் குறைத்தும் மற்றவர்களைக் கூட்டியும் உண்ணச் செய்தார். குறைத்தவர்களிடமே நோய் அதிகம் காணப்பட்டது. உப்பைக் குறைப்பதால் இந்நோயைத் தடுக்க முடியாதென்பது இன்றைய மருத்துவத்தின் முடிவு. இன்னொரு வியப்பும் உண்டு. வலிப்பைத் தடுக்க இன்று உலகெங்கும் ஏற்றப்படும் மருந்தான மக்னீசியம் சல்பேற்றும் ஓர் உப்பே. உப்பளத்தில் கறியுப்பு படிந்த பின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசிய உப்புகளே மிகுதி. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, அம்மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்று காட்டியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. எனினும் தலைநகரின் விடுதி கரையோரக் குடிசைக்கு எட்டாது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தபோதுதான் மருத்துவமாது வீடு தேடிச் செல்லும் முறை உருப்பெற்றது. அது பின்னர் நாடெங்கும் பரவியது. 1930களில் இலங்கையில் இலட்சம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் மாண்டனர். 1990களில் அத்தொகை நூறுக்கும் கீழே இறங்கியது. 2010களில் நாற்பதுக்கும் கீழே வந்தது. இதில் மலேரியா ஒழிப்புக்கும், இலவசக் கல்விக்கும், மருந்துகளுக்கும், இரத்த வங்கிக்கும் பங்குண்டு. ஆயினும் யார் வீட்டில் யார் கர்ப்பிணி என்று பதிவேட்டில் எழுதி, கிளினிக்குக்கு ஏன் வரவில்லை என்று படலையில் நின்று கேட்ட மருத்துவமாதுக்கு உள்ள பங்கு பெரிது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் இந்தப் புத்தளக் கரையிலேயே ஓலைக் கொட்டில்களில் தஞ்சம் புகுந்தனர். அவர்களிடையே கர்ப்பிணிகளும் இருந்தனர். முகவரி இழந்த ஒரு பெண் பதிவேட்டிலிருந்தும் நழுவி விடுவாள். முன் பிரசவத்தில் பிரஷர் ஏறியதா என்று அறிய அவள் வாய்மொழியைத் தவிர வேறு சான்று இராது. கர்ப்பிணியின் கையில் கொடுக்கப்படும் அந்தச் சிறு அட்டையின் அருமை அப்போதுதான் விளங்கும்.

அண்மைக் காலத்தில் அறிவு மேலும் ஆழ்ந்திருக்கிறது. இருபது வாரத்துக்குப் பின் பிரஷர் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் என்பது இன்றும் எச்சரிக்கை அளவே. ஆனால் கால் வீக்கத்தை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்கும் வழக்கம் 2000ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. ஈரல், சிறுநீரகம் முதலியவை பாதிக்கப்பட்டிருந்தால் புரதம் தோன்றாவிடினும் நோய் உண்டு என்று 2013இல் அமெரிக்க வைத்தியர்கள் வரையறுத்தனர். சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்கா சென்ற அனந்த் கருமாஞ்சியும் அவருடைய குழுவினரும், சூல்வித்தகத்திலிருந்து மிகையாகச் சுரந்து தாயின் குருதிக் குழாய்களைக் கெடுக்கும் ஒரு புரதத்தை 2003இல் வெளிப்படுத்தினர். பாடநூல் சூல்வித்தகம் என்று சொல்வதை நம் அம்மம்மாவும் உம்மம்மாவும் நஞ்சுக்கொடி என்றார்கள். பெயர் தற்செயலாகப் பொருந்தியிருக்கலாம். எனினும் வைத்தியர்கள் நூறாண்டு தேடிய நஞ்சின் சுவடு அங்கேதான் கிடைத்தது. அதனாலேயே பிள்ளையும் கொடியும் வெளியேறுவதே இந்நோய்க்கு முடிவான தீர்வாகிறது.

அந்தப் புரதத்தையும் அதற்கு எதிரான இன்னொன்றையும் அளந்து ஒப்பிடும் குருதிச் சோதனை இப்போது உண்டு. சந்தேகத்துக்குரிய ஒரு தாய்க்கு அடுத்த ஒரு வாரத்தில் நோய் தோன்றாது என்று பெருமளவு உறுதி சொல்ல அது உதவும் என 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆபத்துக் கூடிய தாய்மாருக்கு ஆரம்ப மாதங்களிலேயே வைத்தியர் சிறிதளவு அஸ்பிரின் கொடுப்பதும் வழக்கமாகியுள்ளது.

ஆனால் நேயர்களே, விலை கூடிய அந்தச் சோதனையும் கிளினிக்குக்கு வந்தவளுக்குத்தான். தீவின் வாடியிலோ உப்பளத்தின் வரம்பிலோ இருப்பவளை அது தேடிப் போகாது. தேடிப் போவது மனிதர்தான். உங்கள் வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தால், அடங்காத தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவற்றில் ஒன்றைச் சொன்னாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். ஒன்றுமே சொல்லாவிட்டாலும் கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள். சுகமாய் இருக்கிறேன் என்று சொல்பவளையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்த வரலாறு நமக்குச் சொல்லும் பாடம்.