மெஷ் வைஃபை

மெஷ் வைஃபை: ஒரே ரௌட்டரின் அலை எட்டாத அறைகளுக்கும் இணையம் கிடைக்க, பல கருவிகள் ஒரே பெயரிலும் ஒரே கடவுச்சொல்லிலும் சேர்ந்து இயங்கும் வீட்டு வலையமைப்பு.

தேவை: வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்குகிறது. முன்னது தொலைவு செல்லும், வேகம் குறைவு. பின்னது வேகமானது, ஆனால் சுவர்களைக் கடக்கையில் விரைவில் வலுவிழக்கும். கம்பி கட்டிய கான்கிரீட், உலோகக் கதவு, நீர்த்தொட்டி ஆகியவை இரண்டையுமே தடுக்கும்.

எக்ஸ்டெண்டர்: மெஷ்ஷுக்கு மாற்றாக, ரௌட்டரின் அலையை வாங்கி மறுபடி பரப்பும் தனிக் கருவி. விலை குறைவு, ஓரிரு அறைகளுக்குப் போதும். ஒற்றை ரேடியோ உள்ளவை வாங்குவதையும் அனுப்புவதையும் ஒரே சேனலில் செய்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

இயக்கம்: மெஷ் கருவிகள் தமக்குள் பேசித் தரவுக்கு உகந்த வழியைத் தேர்கின்றன. நடமாடுபவரின் கைப்பேசி அருகிலுள்ள கருவிக்கு மாறவும் வழிகாட்டுகின்றன. கருவிகளுக்கிடையே தனி அலைவரிசை இருந்தால் வேக இழப்பு குறையும். ஈதர்நெட் கம்பியால் இணைப்பதே மிகச் சிறந்தது.

வரலாறு: மெஷ்ஷுக்கான 802.11எஸ் தரநிலை 2011இல் வெளியானது. 2016இல் ஈரோ, கூகுள் வைஃபை ஆகிய மெஷ் கருவிகள் விற்பனைக்கு வந்தன. வெவ்வேறு நிறுவனக் கருவிகளை இணைக்க உதவும் ஈஸிமெஷ் திட்டத்தை வைஃபை அலையன்ஸ் 2018இல் தொடங்கியது.

அமைத்தல்: முதலில் ரௌட்டரை வீட்டின் நடுவில், உயரமான திறந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்; பல வீடுகளில் இதுவே போதும். கூடுதல் கருவியை அலை எட்டாத அறைக்குள் வைக்காமல், நல்ல அலை கிடைக்கும் இடைவழியில் வைக்கவேண்டும்.